துண்டுக்கடியில் ஒரு கை

காதர் பாட்சாவுக்குப் பக்கவாதம் வந்ததை முதலில் கண்டுபிடித்தது வெள்ளைத்துரையின் நடுவிரல்.

இரண்டு பேரும் ஆட்டுத் தரகர்கள். விருதுநகரைச் சுற்றியுள்ள சந்தைகளில் முப்பது வருஷமாக எதிரெதிரே நின்று விலை பேசுகிறவர்கள். வாயால் அல்ல, கையால். ஒருவர் தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேருடைய வலது கை மீதும் போடுவார். அதற்குக் கீழே விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்து எத்தனை தடவை அமுக்கினால் என்ன விலை என்பது அந்த இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் நாற்பது பேருக்குத் தெரியாது. துண்டு அதற்காகத்தான்.

2008 தை மாதம் ஒரு காலையில் நல்ல கிடாய் ஒன்றுக்கு விலை போய்க்கொண்டிருந்தது. விற்கிறவர் பக்கம் காதர் பாட்சா, வாங்குகிறவர் பக்கம் வெள்ளைத்துரை. திடீரென்று காதர் பாட்சாவின் விரல் ஒரு கோழி விலைக்கு இறங்கியது. வெள்ளைத்துரை சந்தோஷப்படவில்லை, பயந்துபோனார். முப்பது வருஷத்தில் இந்த மனிதர் ஒரு விரல்கூட இறங்கி வந்தது கிடையாது. அடுத்த நொடி அந்த விரல்கள் ஒன்றுமே சொல்லவில்லை. துண்டை விலக்கினால் கை தொங்குகிறது. நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது.

"காதரு, என்னய்யா பண்ணுது?"

காதர் பாட்சா விவரமாகப் பதில் சொன்னார். அது அவருக்கு மட்டும்தான் விளங்கியது.

ஆடு ஏற்ற வந்த வேனில் வெள்ளைத்துரை அவரை ஏற்றிக்கொண்டு பறந்தார். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். கிடாயும் அன்றைக்குப் பிழைத்தது.

மூளையின் இடப்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. வலது கைக்கு உத்தரவு கிளம்புகிற இடம் அது. நான்கு மாதத்தில் வாய் நேராகிவிட்டது, பேச்சு வந்துவிட்டது, கைத்தடியோடு நடக்கவும் செய்தார். கை மட்டும் வரவில்லை. முதலில் துணி மாதிரித் தொங்கிய கை, பிறகு மெல்ல மெல்ல மடங்கி இறுகி, மூடிய மொக்கு மாதிரி நெஞ்சோரம் ஒட்டிக்கொண்டது.

அது ஏன் மடங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும். மூளை கைக்கு இரண்டு விதமான உத்தரவு அனுப்புகிறது. ஒன்று, 'இதைச் செய்'. இன்னொன்று, 'போதும், இவ்வளவு இறுக்காதே'. நாம் ஒரு முட்டையை உடைக்காமல் எடுப்பது இரண்டாவது உத்தரவின் புண்ணியத்தில். பக்கவாதத்தில் இந்த இரண்டாவதும் அறுந்துபோகிறது. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட இயற்கையிலேயே பலசாலிகள். கேட்க ஆளில்லை என்றதும் அவை தம் இஷ்டத்துக்கு இறுக்கிக்கொள்கின்றன.

வைகாசியில் மகள் ஹாஃபிஸாவுக்கு இடம் அமைந்தது. மாப்பிள்ளை ஆசிக், சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. காலண்டர் லோடு ஏறத் தொடங்கிவிட்டால் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்பதால் ஆவணியிலேயே நிக்காஹ் என்று முடிவாயிற்று.

அன்றைக்கே காதர் பாட்சாவுக்குத் தூக்கம் போயிற்று. நிக்காஹ் மேடையில் பெண்ணின் அத்தா மாப்பிள்ளையின் வலது கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். இவருடைய வலது கையோ யார் கையையும் உள்ளே விடாது.

"கை பிடிக்கிறது நம்ம பக்கத்து வழக்கந்தான் பாட்சா," என்று பள்ளிவாசல் அஜரத்து ஆறுதல் சொன்னார். "வாய்ச்சொல் இருந்தாப் போதும். இல்லைன்னா உங்க மச்சினன் சாபிர் உங்களுக்குப் பதிலா நிக்கட்டும்."

சாபிர் அதற்குள் புதுச்சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

"முப்பது வருஷமா ஒரு ஆட்டைக்கூட நான் கையைப் பிடிக்காமக் குடுத்ததில்லை அஜரத்து," என்றார் காதர் பாட்சா. "மகளைக் குடுக்க மாட்டேனா?"

"மகளையும் ஆட்டையும் ஒரே கயித்துல கட்டாதீக," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அது அவர் மனைவி கமருன்னிசா.

விசாரித்ததில் ஒரு வழி பிறந்தது. விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள் செய்த கை ரோபோவைச் சோதனைக்காக வைத்திருந்தார்கள். வாரம் மூன்று நாள், மொத்தம் முப்பத்தாறு அமர்வு. அதைப் பார்த்துக்கொண்டவள் எழில். சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்துப் பெண், பிசியோதெரபி படித்தவள். அவள் அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்துப் படிக்க வைத்தாள்.

ரோபோ என்றதும் காதர் பாட்சா தலையும் காலும் வைத்த ஒன்றை எதிர்பார்த்துப் போனார். அங்கே மேஜை மேல் இருந்தது ஒரு தொட்டில், ஐந்து வளையம், கொஞ்சம் ரப்பர் குழாய்.

"இதுவா?"

"இதேதான் பாய். கையைக் குடுங்க."

முன்கையைத் தொட்டிலில் வைத்து வாரால் கட்டினாள். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு வளையம் மாட்டினாள். வளையத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய், அதைச் சுற்றி நைலான் வலை. குழாய்க்குள் காற்று போனால் அது பக்கவாட்டில் தடிக்கும். வலை விடாததால், தடித்த அளவுக்கு நீளம் குறையும். குறையும்போது வளையத்தை இழுக்கும், விரல் அசையும். நம் கைத்தசை செய்வதும் இதேதான், தடித்துக் குட்டையாவது. ஆனால் இந்த இயந்திரத்தின் சாமர்த்தியம் இழுப்பதில் இல்லை, காத்திருப்பதில் இருந்தது. வளையத்தில் இருக்கும் உணரி, விரல் தானாக ஒரு நூல் அளவு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் அசைவை நாம் தொடங்கினால்தான் மிச்சத்தை அது முடித்துக்கொடுக்கும். நாம் தேறத் தேற அது உதவியைக் குறைத்துக்கொள்ளும்.

"பழகப் பழக உதவி குறையுது," என்றார் காதர் பாட்சா. "சொந்தக்காரன் மாதிரில்ல இருக்கு?"

"எல்லாத்தையும் அதுவே செஞ்சுட்டா மூளை சும்மா படுத்திரும் பாய். மூளையில செத்த இடம் செத்ததுதான். பக்கத்து இடம் அந்த வேலையைக் கத்துக்கிடணும். அதுக்கு ஆயிரக்கணக்குல தடவை செய்யணும். என்னால அம்புட்டு தடவை உங்க விரலைப் பிடிச்சு ஆட்ட முடியாது. இதுக்குக் கை வலிக்காது."

அலுப்பு தட்டாமல் இருக்க ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டும் வைத்திருந்தார்கள். செய்தவர்கள் சிவகாசிப் பையன்கள், வேறு என்ன செய்வார்கள்? திரையில் ஒரு கை, அதில் ஒரு ராக்கெட். விரலை மடக்கினால் திரி பற்றும். விரித்தால் ராக்கெட் வானத்துக்குப் போய்ப் பூவாகச் சிதறும். பத்து வினாடிக்குள் விரிக்காவிட்டால் 'புஸ்' என்று நமுத்துப்போகும்.

காதர் பாட்சா பற்ற வைப்பதில் சூரர். ஒரு மாதத்தில் மடக்கு மதிப்பெண் நூற்றுக்கு எண்பதைத் தொட்டது. விரிப்பு நான்கில் நின்றது.

"எங்கம்மா இருபது வருஷமா பட்டாசு வேலை பாக்குறாக, அவுக கையில ஒரு பெட்டி நமுத்ததில்லை," என்றாள் எழில். "நீங்க ஒரு மாசத்துல ஒரு லோடு நமுக்க வச்சிட்டீக. மடக்குனது போதும் பாய், விரிங்க."

"விரிச்சு என்னம்மா செய்யப் போறேன்? மேடையில எனக்கு வேண்டியது பிடிக்கிறது. இம்புட்டுக் கை உள்ளே போனாப் போதும். விடுறதை அப்புறம் பாத்துக்கிடுவோம்."

அந்த வருஷம் மின்வெட்டு கொடிகட்டிப் பறந்தது. ஒரு நாள் பாதி விளையாட்டில் கரண்ட் போயிற்று. கை மாட்டிக்கொண்டதென்று காதர் பாட்சா கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். ஆனால் இயந்திரம் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது, விரல்கள் தளர்ந்தன.

"கரண்ட் போனா வால்வு தானாத் திறந்து காத்தெல்லாம் வெளியே போயிரும்," என்றாள் எழில். "யாரையும் பிடிச்சு வச்சிறக் கூடாதுல்ல? அதுக்குத்தான் அந்த ஏற்பாடு."

வீட்டில் காதர் பாட்சா எழிலுக்குத் தெரியாமல் ஒரு கூடுதல் பயிற்சி செய்துவந்தார். ஒரு எலுமிச்சம்பழத்தை இடது கையால் வலது கைக்குள் திணித்து, அது சக்கையாகும் வரை பிழிவது. ஒரு நாளைக்குப் பத்துப் பழம். வீணாக்க மனமில்லாத கமருன்னிசா ஊறுகாய் போட்டாள். ஜாடி நிறைந்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, மிஞ்சியதை எழிலுக்கும் ஒரு பாட்டிலில் கொண்டுவந்தாள்.

"நல்லாருக்குக்கா. பழம் வீட்டு மரத்துலயா?"

"மரமா? எல்லாம் அவரு பிழிஞ்சது. காலையில உக்காந்தா மத்தியானம் லுஹர் பாங்கு வரைக்கும் பிழியுதாரு."

காதர் பாட்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழில் கோபப்படவில்லை. பாட்டிலை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏற்கெனவே இறுக்குற தசைக்கு நீங்க டியூசன் எடுத்திருக்கீக. இனிமே பழத்தைத் தொடக் கூடாது. மூணு விஷயம் சொல்றேன், கேட்டுக்கிடுங்க. இந்தக் கையை வெடுக்குன்னு இழுத்தா இன்னும் இறுகும். மெதுவாப் போனா விட்டுக் குடுக்கும். ரெண்டாவது, பதறுனா இறுகும். மூச்சை நீளமா வெளியே விடுங்க. மூணாவது, மணிக்கட்டை உள்பக்கமா மடக்குங்க."

மூன்றாவதை யாரும் உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். கையை முஷ்டியாக்கி, மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக நன்றாக மடக்கினால் பிடி தானாகத் தளரும். விரலை மடக்குகிற கயிறுகள் முன்கையிலிருந்து புறப்பட்டு மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்கு வருகின்றன. அங்கே மடங்கினால் கயிறு தொய்கிறது.

காதர் பாட்சா கேட்டுக்கொண்டார். பயிற்சியும் செய்தார். நிக்காஹுக்கு மூன்று நாள் முன்னால், முப்பத்தைந்தாவது அமர்வில், மணிக்கட்டை மடக்கி, மூச்சை விட்டு, பதினோரு வினாடியில் விரித்தார். ராக்கெட் அதற்கு ஒரு வினாடி முன்புதான் நமுத்திருந்தது.

"பத்துக்குள்ள வந்துட்டா எழுதிக்கிடுவேன்," என்றாள் எழில். "முப்பத்தாறாவது பாக்கி இருக்கு. முடிச்சிட்டுப் போங்க."

"கல்யாண வீட்டுல எம்புட்டு வேலை கிடக்கு தாயி. நீ மகாலுக்கு வந்திரு, அங்கன பாத்துக்கிடலாம்."

நிக்காஹ் அன்று மகாலில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். மேடையில் அஜரத்து, முன்னால் மைக். மாடியிலும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். சாபிர் புதுச்சட்டையோடு, எதற்கும் இருக்கட்டும் என்று மேடையோரம் தயாராக நின்றான்.

"கையைப் பிடிங்க," என்றார் அஜரத்து.

காதர் பாட்சா இடது கையால் வலது கை விரல்களை மெல்லப் பிரித்து, ஆசிக்கின் கையை உள்ளே வைத்தார். பிடித்தார். முட்டை உடையாத பிடி அல்ல, ஏழு மாதத்து ஏக்கமும் நானூறு எலுமிச்சம்பழமும் சேர்ந்த பிடி. மகளைக் கொடுத்தேன் என்றார், குரல் ஒரு இடத்தில் உடைந்தது. ஆசிக் ஏற்றுக்கொண்டேன் என்றான். சாபிர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். காதர் பாட்சாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அஜரத்து துஆ ஓதக் கையேந்தினார். மகால் முழுக்க அத்தனை கைகளும் விரிந்து உயர்ந்தன, இரண்டைத் தவிர.

ஆசிக் மரியாதையாக லேசாக இழுத்தான். பிடி இறுகியது. துஆ முடிகிற வரை பொறுத்துக்கொண்டான். ஆமீன் சொல்லி முடிந்ததும் ஜமாத் செயலாளர் நிக்காஹ் புத்தகத்தை விரித்து, பேனாவை நீட்டினார். ஆசிக் இன்னொரு தடவை வெடுக்கென்று இழுத்தான். இன்னும் இறுகியது.

"மாமா, விடுங்க."

"விட முடியலை மாப்ளே."

"கையெழுத்துப் போடணும் மாமா."

"எனக்கும் தெரியுது மாப்ளே."

மின்வெட்டு வந்தால் திறக்கிற வால்வு இயந்திரத்துக்கு இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு பயிற்சி எடுத்தவருக்கு இல்லை. அவர் நெற்றியில் வேர்த்தது. வேர்க்க வேர்க்கப் பதற்றம், பதறப் பதற இறுக்கம். மாப்பிள்ளையின் விரல் நுனிகள் வெளுத்து, பிறகு சிவந்தன.

முன்வரிசையிலிருந்த வெள்ளைத்துரைக்கு நண்பனின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஊர் பார்க்க ஒரு கை அவமானப்படக் கூடாது. முப்பது வருஷப் பழக்கத்தில் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். மேடையேறினார், தோளிலிருந்த துண்டை எடுத்தார், இரண்டு கைகள் மீதும் போட்டார்.

மகாலில் சட்டென்று சத்தம் அடங்கியது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் சந்தைக்காரர்கள். துண்டு விழுந்தால் அதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும்.

"இந்நேரத்துக்கு என்னப்பா விலை பேசுறாக?"

"பைக்கா இருக்கும்."

"அதானே பாத்தேன். மாப்பிள்ளை பேனாவை வாங்க மாட்டேங்கான் பாரு."

"வெடுக்குன்னு இழுத்தானே, கவனிச்சியா? கட்டாதுங்கான்."

காதர் பாட்சாவுக்கு ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. வெள்ளைத்துரை உதவுகிற வேகத்தில் தன் கையையும் துண்டுக்குள் விட்டு, ஒரு விரலை நெம்பிப் பார்த்தார். அந்த விரல் அவர் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

"தரகனும் கை குடுத்துட்டான்யா," என்றார் பின்வரிசையில் ஒருவர். "முடிஞ்சிரும்."

அஜரத்துக்கு முகம் கறுத்தது. "பாட்சா, மாப்பிள்ளை குடுக்குற மஹர் தொகை எழுதியாச்சு. இதுக்கு மேலே இங்கன ஒரு பேரமும் நடக்கக் கூடாது. துண்டை எடுங்க."

"எடுத்துறாதீக அஜரத்து," என்றார் வெள்ளைத்துரை. "உள்ளே மூணு பேரு இருக்கோம்."

ஆசிக்கின் பெரியப்பா ஒருவர் விறைப்பாக எழுந்து நின்றார். பெண் வீட்டில் எதையோ குறைக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் கை விடுபடுகிற நேரத்தில் சம்பந்தமும் விடுபட்டிருக்கும். இந்தக் கை பிடிக்காமல் இருந்திருந்தால்கூட ஒரு கேடும் வந்திருக்காது, சாபிர் பிடித்திருப்பான். பிடித்துத் தொலைத்ததுதான் கேடு.

அப்போது காதர் பாட்சாவுக்கு அந்தத் தொட்டில் நினைவுக்கு வந்தது. ஆளாளுக்கு இழுக்கிறார்கள், நெம்புகிறார்கள். அந்தக் குழாய் ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. முதல் அசைவு உன்னுடையதாக இருக்கட்டும் என்று சும்மா காத்திருக்கும்.

"யாரும் ஒண்ணும் செய்யாதீக," என்றார். "மாப்ளே, இழுக்காதீக. கையைச் சும்மா வச்சிருங்க. வெள்ளை, உனக்குந்தான்."

முழங்கையை வெளிப்பக்கமாக மெல்ல உயர்த்தினார். மணிக்கட்டு உள்ளே மடங்கியது. கண்ணை மூடி, மூச்சை நீளமாக வெளியே விட்டார். மைக்கில் அது ஆஸ்பத்திரி இயந்திரத்தின் பெருமூச்சு மாதிரியே கேட்டது. கட்டை விரல் ஒரு நூல் அசைந்தது. இன்னொரு நூல். பிறகு சுட்டு விரல். வெள்ளைத்துரையின் விரல் வெளியே வந்தது. நடுவிரல், மோதிர விரல். சுண்டு விரல் கடைசி வரை வீம்பு பிடித்து, அதுவும் விட்டது. "வந்துருச்சு," என்றார் வெள்ளைத்துரை.

ஆசிக் கையை உடனே எடுக்கவில்லை. விரிந்த அந்த உள்ளங்கை மேலேயே ஒரு நொடி வைத்திருந்துவிட்டுப் பிறகுதான் எடுத்தான். கையைத் துணியை உதறுவது போல் உதறிக்கொண்டு பேனாவை வாங்கினான். கையெழுத்து கொஞ்சம் கோணல்தான், செல்லும் என்று செயலாளர் சொன்னார்.

வெள்ளைத்துரை துண்டை எடுத்தார். கீழே காதர் பாட்சாவின் கை ஐந்து விரலும் விரிந்து கிடந்தது.

"அஞ்சுக்கு முடிஞ்சிருக்கு," என்றார் பின்வரிசைக்காரர்.

விஷயத்தை ஜனங்களுக்கு விளக்கி, பெரியப்பாவை உட்கார வைத்து, பந்தி தொடங்க அரை மணி நேரம் ஆயிற்று. எழிலும் கமருன்னிசாவும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள்.

"மேலே ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டுச்சு," என்றாள் கமருன்னிசா. "'விடுங்க மாமா, விடுங்க மாமா'ன்னு அவரு சொல்லவும், அத்தா அவுகளை அடிக்கிறாகளான்னு கேக்குறா உங்க மக. இந்தப் பிள்ளை என்னடான்னா வாட்ச்சைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

"பின்னே? 'யாரும் ஒண்ணும் செய்யாதீக'ன்னு சொன்னதுல இருந்து வெள்ளைத்துரை அண்ணாச்சி 'வந்துருச்சு'ன்னு சொன்னது வரைக்கும் பதினாலு வினாடி," என்றாள் எழில். "அன்னிக்கு மெஷின்ல பதினொண்ணு."

"அன்னிக்கு எனக்குள்ளே ஒரு மாப்பிள்ளையும் ஒரு தரகனும் இருந்தானா?" என்றார் காதர் பாட்சா. "ஒன்பதுன்னு எழுதும்மா."

"பதினாலு பாய்."

"சரி, பத்து. முப்பத்தாறாவது அமர்வு முடிஞ்சதுன்னு போட்டுக்கோ."

"மெஷின் இல்லாம எடுத்தது செல்லாது. திங்கக்கிழமை வாங்க."

"ஏன் வாய் வலிக்கப் பேசுறீக?" என்றார் வெள்ளைத்துரை. "துண்டைப் போட்டு முடிச்சிருங்க."

எழில் சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினாள். வெள்ளைத்துரையின் தோளில் கிடந்த துண்டைக் காதர் பாட்சா எட்டி எடுத்தார். எடுத்த பிறகுதான் எல்லாரும் கவனித்தார்கள், எடுத்தது வலது கை. நீட்டியிருந்த எழிலின் கைக்கு மேலே துண்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

இனி அதை விட வேண்டும்.

முழங்கையை வெளியே உயர்த்தினார். மூச்சை விட்டார். கமருன்னிசா வாயில் வைத்த வெற்றிலையை மெல்லாமல் நின்றாள். எழில் மற்றக் கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தாள்.